ஐப்பசிக் காய்ச்சலும் மாசி முடியும்

தலைமுடி வலிக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தலைவலியா என்று திருப்பிக் கேட்பார்கள். தலைவலி இல்லை, முடிதான். சீப்பை உச்சியில் வைத்தால் அந்த இடம் மட்டும் ரணமாக நோகும். தூங்கி எழுந்து, ஒரு பக்கமாக அழுந்திக் கிடந்த முடியை மறுபக்கம் கோதினால் வேர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். முப்பத்துநாலு வயதில், ஒரு மாசி மாதத்தில், எனக்கு அப்படி இருந்தது. கூடவே நிற்காத அரிப்பு. கூடவே குளியலறைச் சல்லடையை அடைக்கிற அளவுக்கு முடி கொட்டியது. மூன்றும் சேர்ந்து வந்ததால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் நானும் என்னைச் சுற்றி இருந்தவர்களும் எடுத்துக்கொண்டோம்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டினால் அம்மா, அத்தை, பக்கத்து வீடு எல்லாரும் கவலைப்படுவார்கள். ஆணுக்குக் கொட்டினால் சிரிப்பார்கள். ‘ஆம்பளைக்கு எதுக்குடா முடி’ என்பார் பெரியப்பா. நம் சினிமாவில் வழுக்கைத் தலை வந்தாலே சிரிப்பு வசனம் தயாராக நிற்கும். நான் கவலைப்பட்டேன். லிஃப்ட் கண்ணாடியில் உச்சி தெரியாதபடி நின்றேன். செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, அழித்து, மறுபடி எடுத்தேன். சித்தப்பா மகன் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பந்தி பரிமாறுகிற சாக்கில் நழுவினேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவியிடம்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளாகத்தான் கேட்டாள். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. முடிக்காக ஒரு ஆண் அழுவது அற்பம் என்று நினைப்பவர்கள், தன் முகம் தனக்கே அந்நியமாகிக்கொண்டு வருவதைத் தினமும் காலையில் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். இந்த ஊரில் முடி கொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதல் பதில் ஒன்றுதான்: “உப்புத் தண்ணிங்க. என்ன பண்ணாலும் நிக்காது.” போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, ஷவரின் துளைகளில் வெள்ளையாகப் படியும், பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினமாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்கிற கண்ணுக்கு, தலையிலும் அதேதானே நடக்கும் என்று தோன்றுவது இயல்பு. நானும் கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றிப் பார்த்தேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. கோவைத் தோல் மருத்துவர்கள் 2013-இல் இதையே ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிகளை உப்புத் தண்ணீரிலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் திரும்பத் திரும்ப நனைத்து, இழுவிசையைச் சோதித்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. 2018-இல் பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வு, கடினத் தண்ணீரால், அதாவது உப்புத் தண்ணீரால், முடியின் வலு குறைகிறது என்றது. இரண்டும் பேசுவது தோலுக்கு வெளியே இருக்கும் முடித்தண்டைப் பற்றி. தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், ஒடியவைக்கலாம். வேரோடு கழற்றுகிற வேலை அதற்கு இல்லை.

ஒடிந்த முடியா, வேரோடு வந்த முடியா என்று வீட்டிலேயே பார்க்க முடியும். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது டாக்டர்தான். உதிர்ந்த முடி ஒன்றை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வையுங்கள். ஒரு முனை சீப்பு பட்டு, வெயில் பட்டு மெலிந்திருக்கும். மறுமுனையில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால், அந்த முடி தன் காலம் முடிந்து, வேர்க்காலிலிருந்து தானாகக் கழன்று வந்தது. குமிழ் இல்லாமல் வெட்டுப்பட்டது போல இருந்தால் நடுவில் ஒடிந்தது. என் தலையணையில் கிடந்தவை பெரும்பாலும் குமிழோடு இருந்தன. தண்ணீரின் மேல் இருந்த பழி அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

இரண்டாவது பழி ஹெல்மெட்டுக்கு. கம்பெனிக்கும் வீட்டுக்கும் இடையே பைக்கில்தான் போய்வருகிறேன், ஹெல்மெட் இல்லாமல் போவதில்லை. ஹெல்மெட் அழுத்தி வேருக்கு ரத்தம் போகாமல் முடி சாகிறது என்பது உண்மையில்லை. வேர்க்காலுக்கு வேண்டிய ரத்தத்தை ஹெல்மெட்டின் பஞ்சு தடுத்துவிடாது. ஆனால் வியர்வை ஊறிய உள்துணியைத் துவைக்காமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வரும். கட்டிங்கில் மிஞ்சும் பனியன் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட் போடுவது எங்கள் ஊரில் பலருக்கும் பழக்கம். அந்தத் துணியைத் தினமும் மாற்றினால் நல்ல பழக்கமே. முடி கொட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றிவைக்கிற பையன்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாவது, உடம்புச் சூடு. அம்மா உறுதியாகச் சொன்னாள்: “உடம்பெல்லாம் கொதிக்குது கண்ணு. தலைக்கு எண்ணெ வெச்சு நல்லா ஊறவெச்சுக் குளி.” சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் வீட்டில் விட்டுப்போகாத ஒன்று. அதை நான் தினசரி ஆக்கினேன். கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ராத்திரி தலை நிறையத் தேய்த்து, பழைய துண்டைத் தலையணையில் விரித்துப் படுத்தேன். முதல் இரண்டு நாள் இதமாக இருந்தது. அப்புறம் அரிப்பு அடங்காமல் போனது. நகத்தால் சொறிந்தால் நகத்துக்கடியில் மஞ்சளாக, மெழுகு போல, பிசுபிசுத்த செதில் வரும். பொடுகு என்றால் வெள்ளையாகத் தோள்மேல் உதிர்வது என்றுதான் எனக்குத் தெரியும். இது உதிரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது.

மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் ஒரு ட்யூபை எடுத்துத் தருவார்கள். எனக்கும் தந்தார்கள். பெரும்பாலும் அவற்றில் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கு ஒன்றும் கிருமிக்கு ஒன்றுமாகச் சேர்த்துக் கலந்திருக்கும். தடவினால் அரிப்பு சட்டென்று அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். நோயின் அடையாளத்தையும் மறைத்துவிடும் என்பதால் பிறகு பார்க்கிற டாக்டருக்கும் கஷ்டம். சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

தோல் டாக்டரிடம் போனது மனைவி சொல்லித்தான். தலையைக் காட்ட உட்கார்ந்தேன். டாக்டரம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தார். புருவத்தைப் பிரித்துப் பார்த்தார், மூக்கோரத்தில் விரலால் தடவினார், காது மடலை மடக்கிப் பின்பக்கம் பார்த்தார், சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி நெஞ்சுக்குழியையும் பார்த்தார். அங்கெல்லாம் லேசாகச் சிவந்து செதில் இருந்ததை நான் கவனித்ததே இல்லை. பிறகு விரல்களுக்கிடையில் ஒரு கற்றை முடியைப் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்தார். ஐம்பது அறுபது முடி இருக்கும் கற்றையில் ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டல் நடந்துகொண்டிருக்கிறது என்று கணக்காம். வந்தது. கடைசியாக வெளிச்சம் உள்ள ஒரு சிறு லென்ஸை உச்சியில் வைத்து, திரையில் காட்டினார். ஒரே துளையைச் சுற்றிப் பருமனான முடிக்குப் பக்கத்திலேயே பூனை முடிபோல மெலிந்தவையும் நின்றன. பின்மண்டையில் வைத்தபோது எல்லாம் ஒரே பருமன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது எதிர்பாராத கேள்வி. “ஐப்பசி, கார்த்திகையில ஏதாவது பெரிசா உடம்பு முடியாமப் போச்சா?”

போயிருந்தது. டெங்கு. மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராகப் படுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தட்டணுக்கள் குறைந்து, ட்ரிப்ஸ் ஏற்றி, கஞ்சியும் நிலவேம்புக் கஷாயமுமாகக் கிடந்து வெளியே வந்தபோது பாதி ஆளாகிவிட்டிருந்தேன். ஆனால் அது முடிந்த கதை. காய்ச்சலின்போதோ, தேறி வந்த கார்த்திகையிலோ ஒரு முடிகூடக் கூடுதலாகக் கொட்டவில்லை. பொங்கல் கழிந்துதான் கொட்ட ஆரம்பித்தது. அதனால் இரண்டையும் முடிச்சுப் போட எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. போன வாரம் என்ன சாப்பிட்டோம், எந்த ஷாம்பூ மாற்றினோம் என்றே தேடிக்கொண்டிருந்தோம்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும், அப்புறம் சுமார் மூன்று மாதம் வளராமல் சும்மா உட்கார்ந்திருந்து கீழே விழும். அந்த இடத்தில் புது முடி முளைக்கும். எல்லா முடியும் ஒன்றாக இதைச் செய்வதில்லை. கம்பெனியில் ஆட்கள் முறை வைத்து லீவு எடுக்கிறமாதிரி, எந்த நாளிலும் பத்தில் ஒன்பது வேலையில் இருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். அதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது, பெரிய துக்கம் என்று உடம்பு உலுக்கப்பட்டால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் ஓய்வுக்குப் போன அன்றே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, நாம் காய்ச்சலையே மறந்தபிறகு, மொத்தமாக வரும். டெலோஜன் எஃப்ளூவியம் என்பது இதற்கு மருத்துவப் பெயர். டைஃபாய்டுக்குப் பிறகும் இப்படித்தான். கோவிட் வந்து போனவர்களில் எத்தனையோ பேர் மூன்றாம் மாதத்தில் சீப்பைப் பார்த்துப் பயந்தார்கள்.

என் மாசி முடி ஐப்பசியில் ஓய்வுக்குப் போன முடி. வேர்க்கால் சாகவில்லை. உடம்பு தேறியிருந்தால் சில மாதங்களில் கொட்டல் நின்று, முளைத்து வந்துவிடும். இதைக் கேட்டபோது எனக்குள் இறங்கிய நிம்மதி பெரிது.

வலியைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முடிக்கு நரம்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு வேர்க்காலையும் சுற்றி நரம்பு நுனிகள் பின்னிக்கிடக்கின்றன. இப்படி மொத்தமாகக் கொட்டும் காலத்தில் சிலருக்கு உச்சந்தலை நோகும், எரியும், ஊசி குத்தும். இதற்கும் ட்ரைக்கோடைனியா என்று பெயரே இருக்கிறது. கவலையும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். கொட்டல் அடங்கினால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்றார். அன்று ராத்திரி பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார்: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, பி12. இரும்பைப் பற்றி அவர் சொன்னதை ஆண்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கு மாதவிடாயால் இரும்பு குறையும். வளர்ந்த ஆணுக்குக் குறைந்திருந்தால் கீரை சாப்பிடுங்கள் என்று விட்டுவிடக் கூடாது, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மூலம், வயிற்றுப்புண், சில நேரம் குடலில் கட்டி. முடி கொட்டுகிறது என்று போய் வயிற்று நோய் வெளிப்பட்டவர்கள் உண்டு.

அப்போது நான் ஒரு முடி மாத்திரையை விளம்பரம் பார்த்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதில் பயோட்டின் 10 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தேன். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைபாடு மிக அபூர்வம். குறைபாடு இல்லாதவனுக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. அதைவிட முக்கியம், ரத்தத்தில் அவ்வளவு பயோட்டின் இருந்தால் சில பரிசோதனைகள் பொய் சொல்லும். தைராய்டு முடிவு மாறும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. “அத நிறுத்திட்டு சில நாள் கழிச்சு ரத்தம் குடுங்க” என்றார். நெஞ்சுவலி என்று போகிறவர் முடி மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கட்டாயம் சொல்ல வேண்டும்.

அரிப்பு தனிக் கதை. அதற்கும் டெங்குவுக்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை. புருவத்திலும் மூக்கோரத்திலும் இருந்த அதே செதில்தான் தலையிலும். செபோரிக் டெர்மடைட்டிஸ். எல்லார் தோலிலும் மலசீசியா என்று ஒரு ஈஸ்ட் வாழ்கிறது. அது ஒரு வகைப் பூஞ்சை. பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்கு முடியாது, நம் தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழும். தின்று மிச்சம் வைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலர் தோலை உறுத்தி, சிவக்கவைத்து, செதிலெடுக்கவைக்கும். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெய் ஊற்றித்தான் வளர்ப்பார்கள். இதைக் கேட்டபோது என் தலையணைத் துண்டு ஞாபகம் வந்தது.

எண்ணெயைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை. அம்மாவின் எண்ணெய் முடியின் பளபளப்புக்கு நல்லது. செதிலும் சிவப்பும் இருக்கிற தலையில் ராத்திரி முழுக்க ஊறவிடுவதுதான் ஆகாது. குளிப்பதற்கு முன் சிறிது நேரம் நுனி முடிக்குத் தடவிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை அம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ எழுதினார். வாரம் இரண்டு முறை. ஷாம்பூ என்பதால் போட்டதும் அலசிவிடுவதுதான் எல்லார் வழக்கமும். இது மருந்து. நுரையைத் தோலில் படும்படி தேய்த்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அலச வேண்டும். முடிக்கு அல்ல, தோலுக்கு. புருவத்துக்கும் அதே நுரை. உப்புத் தண்ணீரில் நுரை வர நேரமாகும், அதற்காகக் கூடுதலாகக் கொட்ட வேண்டாம் என்றார். சில வாரங்களில் மஞ்சள் செதில் போனது, சொறிந்த புண்கள் ஆறின. இது ஒரேயடியாகத் தீர்ந்துபோகிற நோய் இல்லை. மார்கழிக் குளிரிலும், தூக்கமில்லாமல் ஷிப்மென்ட் வேலை ஓடும் நாட்களிலும் மறுபடி தலைகாட்டுகிறது. அப்போது திரும்பவும் ஷாம்பூ.

மூன்றாவது விஷயத்தைத்தான் கேட்க எனக்கு மனம் வரவில்லை. திரையில் பார்த்த மெலிந்த முடிகள். அவை டெங்குவால் வந்தவை அல்ல, பூஞ்சையால் வந்தவையும் அல்ல. பரம்பரை வழுக்கையின் தொடக்கம் அது. பல வருடமாக மெல்ல நடந்துகொண்டிருந்தது, காய்ச்சலுக்குப் பிந்திய கொட்டல் வந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. சலூன்காரத் தம்பி முந்தின வருடமே சொல்லியிருக்கிறான்: “அண்ணா, உச்சியில கொஞ்சம் லேசாயிருக்குதுங்ணா.”

தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும் என்பார்கள். என் மாமனுக்கு அறுபதிலும் அடர்த்தியான முடி, அதை நம்பியிருந்தேன். அந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனை உணரும் ஒரு முக்கிய மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது அம்மா வழியில் வருகிறது. ஆனால் பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2017-இல் வந்த முடிவில், வழுக்கையோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 280-க்கும் மேல். பெரும்பாலானவை எக்ஸுக்கு வெளியே. என் அப்பாவுக்கு நாற்பதில் உச்சி முழுக்கப் போய்விட்டது.

உடம்பில் டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அதற்கு வசப்படும் வேர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கி, மெல்லிய, குட்டையான முடியைத் தருகின்றன. பின்மண்டை வேர்கள் அதற்கு வசப்படுவதில்லை. முடி நடுகிறவர்கள் அங்கிருந்து எடுப்பது அதனால்தான். இந்த நொதியின் பங்கு தெரியவந்த வழி என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது. டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் சில குழந்தைகள் பெண்ணாகப் பிறந்ததாகக் கருதி வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் குழுவினரோடு ஆராய்ந்து 1974-இல் எழுதினார்: அவர்களுக்கு அந்த நொதி குறைவு. வளர்ந்தபிறகு அவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை, புராஸ்டேட் சுரப்பியும் வீங்கவில்லை. அந்தக் கவனிப்பிலிருந்துதான் நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு வந்தது. அமெரிக்காவில் 1992-இல் புராஸ்டேட்டுக்கு, 1997-இல் வழுக்கைக்கு.

தலையில் தடவும் மினாக்சிடில் பிறந்தது ரத்த அழுத்த மாத்திரையாக. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைப்பதைக் கண்டு, தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988-இல் அனுமதி கிடைத்தது. எனக்கு இதைத் தொடங்கினார். தொடங்கிய சில வாரங்களில் கொட்டல் கூடினாலும் பயப்படாதீர்கள், பழைய முடி விழுந்து புதியது வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் மருந்து பட்ட இடம் மறுபடி அரித்தது. செபோரிக் திரும்பிவிட்டதோ என்று பதறினேன். அந்தத் திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அது இல்லாத ஃபோமுக்கு மாற்றினார், அரிப்பு நின்றது.

என் தலை ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. மச்சான் ஒருவர் நரையை மறைக்க டை போட்ட மறுநாள் கண் இமை வீங்கி, காதோரம் நீர் வடிந்து வந்தார். பல டைகளில் இருக்கும் பாரா-ஃபினிலீன்டையமின் என்ற பொருளுக்கு ஒவ்வாமை. ஒருமுறை வந்தால் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம், அவர் இனி அதைத் தொடவே கூடாது. ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தம்பிக்குக் காசு அளவில் வட்டமாக முடி போனது, புழுவெட்டு. எந்தப் புழுவும் வெட்டவில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் வேர்க்கால்களையே தாக்கும் நோய் அது. சின்ன வெங்காயத்தைத் தோல் உரியத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டான், டாக்டர் போட்ட ஊசியில் முளைத்தது. பல வருடமாகப் பொடுகு என்றே நினைத்திருந்த ஒரு பெரியவருக்கு, நெற்றி எல்லையைத் தாண்டித் தடித்த வெள்ளிச் செதிலும் முழங்கையில் திட்டும் இருந்தன. சோரியாசிஸ்.

காத்திருக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. எரிச்சலோ வலியோ இருக்கிற இடத்தில் முடி போய், தோல் வழவழவென்று மின்னி, வேர்த்துளைகளே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால், அது தழும்பாகும் வகை. லைக்கன் பிளானோபைலாரிஸ் அதில் ஒன்று. அங்கே போன முடி திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். அதற்குள் எண்ணெய், ஷாம்பூ, மூலிகை என்று மாதங்களைக் கழிப்பது பெரிய நஷ்டம்.

ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஊசி போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு, வழுக்கைப் பரம்பரை உள்ளவர்களுக்கு அதை விரைவாக்கும். முடி நடப் போகிறவர்கள் மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் கடைசிவரை இருப்பாரா என்று கேட்டுவிட்டுப் படுங்கள். 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார்.

ஆடி மாதம் வரும்போது கொட்டல் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது, வலியும் போய்விட்டது. நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நின்றன. உச்சி இன்னும் லேசாகத்தான் இருக்கிறது. மினாக்சிடிலை விட்டால் சில மாதத்தில் பழைய நிலைக்குப் போகும் என்பது தெரிந்தே தடவுகிறேன். ஃபினாஸ்டரைடைப் பற்றி டாக்டர் என்னையும் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார். சிறு பங்கினருக்கு ஆசை குறையலாம், மனச்சோர்வு வரலாம், பிற்காலத்தில் புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும், கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. நாங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். அது முடிந்தபிறகு மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உச்சியைப் படமெடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் படத்தை மனைவி எடுக்கிறாள்.